ஆறு கண் ஏற்பாடு

பத்துப் பேர் ஆடுகிற ஆட்டத்தை இரண்டு பேர் விசில் ஊதிக் கெடுத்தால் போதும் என்பதுதான் புனேயில் கூடைப்பந்துக்கு வெகுகாலமாக இருந்த ஏற்பாடு. அந்த இரண்டு பேரில் ஒருவர் யூசுஃப். புனேயை ஒட்டிய நிக்டியில் ரப்பர் வாஷரும் ஹோஸ் பைப்பும் விற்கிற கடைக்காரர். சொந்த ஊர் மேலப்பாளையம். பத்தொன்பது வயதில் மாமா கடையில் நிற்க வந்தவர். இப்போது ஐம்பத்தொன்று ஆகிறது, கடையும் அவருடையது, முழங்கால் வலியும் அவருடையது. வார நாட்களில் அரை அங்குல வாஷர் வாங்க வருகிறவன்கூட அவரிடம் குரலை உயர்த்திப் பேசுவான். சனி, ஞாயிறு மைதானத்தில் அவர் ஒரு ஊது ஊதினால் ஆறடி நாலங்குல ஆட்கள் அப்படியே அசையாமல் நிற்பார்கள். இருபத்து நான்கு வருஷமாக உலகம் யூசுஃபுக்குக் கொடுத்துவந்த மரியாதை அந்த ஒன்றுதான். வீட்டில் எவரும் ஒரு சொல் கேட்பதில்லை என்பதால்தான் வெளியே போய் ஊதிவிட்டு வருகிறார் என்பது அவர் மனைவி சைனபுவின் அபிப்பிராயம். அதில் பொய் இல்லை.

இரண்டாவது ஆள் விச்சு, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளியே இருவரும் எதிலும் ஒத்துப்போகமாட்டார்கள். மைதானத்தில் விச்சுவின் இடது புருவம் ஏறினால் எனக்குத் தெரியவில்லை, நீர் பார்த்தீரா என்று அர்த்தம். யூசுஃப் மூக்கைச் சொறிந்தால் பார்த்தேன், பயல் நடிக்கிறான் என்று அர்த்தம். இந்தப் பாஷையில் பதினேழு வருஷம் குடித்தனம் நடந்தது. தப்பும் செய்தார்கள், வசவும் வாங்கினார்கள். ஆனால் ஒருவன் நிஜமாக விழுந்துவிட்டால் இருவரில் ஒருவர் ஊதிவிடுவார்கள்.

இந்தக் குடித்தனத்தைக் கலைத்தது நடுவர் பரிஷத். நடுவர்களுக்கு உரிமம் கொடுப்பதும் பிடுங்குவதும் அந்தச் சபையின் வேலை. நடுவில் மாலை போட்டுக்கொள்வது அதன் பொழுதுபோக்கு. இனி எல்லா ஆட்டத்துக்கும் மூன்று நடுவர் என்று சுற்றறிக்கை வந்தது. மூன்று பேர் முறை நல்ல முறைதான். உலகத்தில் பெரிய ஆட்டங்களெல்லாம் அப்படித்தான் நடக்கின்றன, மூலைமுடுக்கெல்லாம் கண் போகிறது, ஓடுகிற ஓட்டமும் குறைகிறது. நல்ல கஷாயம்தான். அதை மூக்கில் ஊற்றுவதற்கென்றே சில பேர் செயலாளர் ஆகிறார்கள்.

பரிஷத்தின் செயலாளர் பெயர் வாலிம்பே. தொடக்க விழாவில் மூன்று திரி போட்டு விளக்கேற்றினார்கள். மூன்று விருந்தினருக்குச் சால்வையும் தேங்காயும் கொடுத்தார்கள். அறுபது நடுவர்கள் வெயிலில் உட்கார்ந்திருக்க, வாலிம்பே ஒன்றே முக்கால் மணி நேரம் மராத்தியில் பேசினார். இரண்டு நடுவர் என்றால் நாலு கண், மூன்று நடுவர் என்றால் ஆறு கண், ஆறு கண்ணுக்குத் தப்பி இனி ஒரு எறும்பு இந்த மைதானத்தில் ஆட முடியாது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஆடுவது எறும்பு இல்லையே என்று எவருக்கும் தோன்றவில்லை.

பயிற்சி பதினோரு நாள். ஒரு கல்யாண மண்டபத்தின் வாகனம் நிறுத்துமிடத்தில் நடந்தது. பந்து தரவில்லை. பந்தைக் கொடுத்தால் பந்தையே பார்ப்பீர்கள், அது ரசிகனின் வேலை என்றார் வாலிம்பே. ஆட்டக்காரர்களையும் கூப்பிடவில்லை, அவர்கள் இருந்தால் கவனம் சிதறுமாம். ஒருவர் கூடைக்கு அடியில், ஒருவர் பக்கவாட்டில், ஒருவர் பின்னால். கொடி ஆடினால் மூவரும் இடம் மாற வேண்டும். பதினோராம் நாள் அறுபது பேரும் ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுற்றி அற்புதமாக இடம் மாறினார்கள். ஒரு கல்யாண வீட்டார் நின்று பார்த்துவிட்டு, எந்த ஊர் நடனம் என்று விசாரித்தார்கள்.

அடுத்தது கண். ஒவ்வொருவர் பார்வைக்கும் தனி எல்லை உண்டு. அடியில் நிற்பவருக்குச் சிவப்பு, பக்கத்தில் நிற்பவருக்கு மஞ்சள், பின்னால் நிற்பவருக்கு நீலம் என்று எல்லா மைதானத்துத் தரையிலும் வர்ணம் பூசி, நடுவில் இரண்டு அங்குல வெள்ளைக் கோடு போட்டார்கள். உன் நிறத்துக்குள் நடப்பதை மட்டும் பார்க்க வேண்டும், அதற்கு மட்டும் ஊத வேண்டும். பழகும்வரை எல்லோர் கன்னத்திலும் அட்டையில் வெட்டிய கண்பட்டையைக் கட்டினார்கள், வண்டிக் குதிரைக்குக் கட்டுகிற மாதிரி. யூசுஃபுக்கு அது கன்னத்தை அறுத்தது. இருந்தாலும் கட்டிக்கொண்டார். உரிமம் போய்விட்டால் சனிக்கிழமையும் அவர் வாஷர்தான் விற்க வேண்டும்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பார்வைப் பதிவேடு எழுத வேண்டும் என்றும் உத்தரவு. நிமிடம், நின்ற இடம், பார்த்த இடம் என்று மூன்று கட்டம். என்ன பார்த்தாய் என்று ஒரு கட்டம் கிடையாது.

விச்சு முப்பத்தைந்து வருஷம் வங்கியில் ஓட்டை தேடியவர். கையைத் தூக்கி ஒரு சந்தேகம் கேட்டார். கூடைக்கு முன்னால் மூன்று நிறமும் சேர்கிற இடத்தில், அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒருவன் விழுந்தால் யார் ஊதுவது? வாலிம்பே முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை அருமையான கேள்வியை இந்தப் பரிஷத்தின் வரலாற்றிலேயே எவரும் கேட்டதில்லை என்றார். அங்கேயே மூன்று பேர் கொண்ட எல்லைக்கோட்டு உபகுழுவை அமைத்தார். அறிக்கை வரும்வரை கோட்டின் மேல் நடப்பது நிலுவையில் இருக்கும் என்று தீர்மானம் ஆயிற்று. விச்சு உட்கார்ந்துகொண்டு, "பல பேர் கூடினா பாம்பு சாகாது, பாய்" என்று யூசுஃப் காதில் சொன்னார்.

இவர்கள் இரண்டு பேருக்கும் மூன்றாவதாக வாய்த்தவன் ஜெயந்த். வாகட்டில் குடியிருக்கிற சாஃப்ட்வேர்க்காரன், இருபத்தாறு வயது. நூற்று நாற்பது பக்க விதிப் புத்தகம் தலைகீழாகப் பாடம். கூடைப்பந்து ஆடியதே இல்லை. ஆடாததால் கெட்ட பழக்கம் எதுவும் ஒட்டவில்லை என்று வாலிம்பே அவனை மெச்சினார். நல்ல பிள்ளைதான். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பான். தமிழ் பேசும்போது மட்டும் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுப்பான். "அங்கிள், நீங்க என் ஏரியாவ பாக்கறீங்க. அது ராங்" என்று முதல் நாளே யூசுஃபிடம் சொன்னான். அதற்கப்புறம் யூசுஃப் தரையையே பார்த்து நடந்தார்.

ஆனால் கண் பழைய கண் அல்லவா. இரண்டாவது ஆட்டத்திலேயே மாட்டிக்கொண்டார். பின்னால், நீலத்தில் நின்றார். மஞ்சளில் ஒருவன் இன்னொருவன் மூக்கில் முழங்கையால் இடித்தான். மஞ்சளுக்குச் சொந்தக்காரர் விச்சு. அவர் முன்னால் மூன்று முதுகுகள் மறைத்து நின்றன. யூசுஃப் ஊதினார். மூக்கு உடைந்திருந்தது. இடித்தவனே ஒப்புக்கொண்டு கையைத் தூக்கினான். ஊதியிராவிட்டால் அடுத்த இடிக்குப் பல்லும் போயிருக்கும் என்று அடிபட்டவன் பஞ்சை மூக்கில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னான்.

நான்காம் நாள் நோட்டீஸ் வந்தது. குற்றம்: அத்துமீறிய பார்வை.

விசாரணையில் வாலிம்பே கோபப்படவே இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் பேசினார். "யூசுஃப் பாய், நீங்கள் பார்த்தது சரி. அதுதான் குற்றம். உங்கள் எல்லைக்குள் நீங்கள் தப்பாகப் பார்த்தால் அது மனித இயல்பு, பரிஷத் மன்னிக்கும். அடுத்தவர் எல்லையில் சரியாகப் பார்த்தால் அந்த அடுத்தவர் எதற்கு என்று ஜனங்கள் கேட்பார்கள். அப்புறம் நான் எதற்கு என்று கேட்பார்கள்."

கடைசி எச்சரிக்கை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். இன்னொரு தடவை எல்லை தாண்டி ஊதினால் உரிமம் ஆயுளுக்கும் ரத்து. யூசுஃப் வெளியே வந்தபோது விச்சு வாசலில் நின்றார். புருவத்தை ஏற்றினார். யூசுஃப் மூக்கைச் சொறியவில்லை. நேராக நடந்து ஸ்கூட்டரை எடுத்தார். மனத்துக்குள் அவமானம் புகைந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, தொழிலாளர் கோப்பைக்கான இறுதி ஆட்டம். நிக்டி சிமெண்ட் மைதானத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு வைத்தார்கள், தலைமை விருந்தினருக்கு அப்போதுதான் ஒழிந்ததாம். நாற்பத்தொரு டிகிரி வெயில். ரஞ்சன்காவ் தொழிற்சாலை ஒன்றின் அணியும் நகரத்து மில் ஒன்றின் அணியும் மோதின. ரஞ்சன்காவ் அணியில் அந்தோணி என்றொருவன். தூத்துக்குடிக்காரன், முப்பது வயது, நாலு வருஷமாக அங்கே ஒப்பந்தத் தொழிலாளி. கடைக்கு வந்தால் பைப்பு வாங்குவதைவிட ஊர்ப்பேச்சுப் பேசுவதுதான் அதிகம். ஆட்டத்துக்கு முன்னால் யூசுஃபிடம் வந்தான். முகம் வெளிறி, வேர்வையில் குளித்த மாதிரி இருந்தான்.

"அண்ணாச்சி, நெஞ்சுக்குள்ள என்னமோ பிசையுது. நைட் ஷிஃப்டு முடிச்சி தூங்காம வாரேன்லா, அதான்."

யூசுஃப் அவனை உட்கார்ந்துவிடச் சொன்னார். அது எப்படி முடியும் என்று அந்தோணி சிரித்தான். கப்பை ஜெயித்துக்கொண்டு வந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். மனைவி சோனியா அதை நம்பி இரண்டு மாதமாக வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் கீழ விழுந்தா மட்டும் சட்டுனு ஒரு ஊது ஊதிருங்க அண்ணாச்சி."

"ஊதாம பின்ன எதுக்குல இத கழுத்துல கட்டித் தொங்க விட்டுருக்கேன்" என்றார் யூசுஃப்.

மேடையில் வாலிம்பேயும் இரண்டு மதிப்பீட்டாளர்களும் ஆளுக்கொரு பேனாவோடு உட்கார்ந்தார்கள். மூன்று காமிராக்கள் வைத்திருந்தார்கள், ஒரு நடுவருக்கு ஒன்று வீதம். ஆட்டத்தைப் படம் பிடிக்க எவருக்கும் தோன்றவில்லை.

கடைசிக் கால் பகுதியின் நான்காவது நிமிடம். ரஞ்சன்காவ் ஒரு புள்ளி முன்னிலை. கூடைக்கு அடியில் ஜெயந்த், பக்கத்தில் விச்சு, பின்னால் யூசுஃப். அந்தோணி உயரே எழும்பிப் பந்தைப் போட்டான். அது வளையத்தில் பட்டுத் தெறித்தது. எதிரணி பிடித்துக்கொண்டு மறுகோடிக்குப் பறந்தது. இறங்கிய அந்தோணி இரண்டு அடி நடந்தான், நெஞ்சைப் பிடித்தான், மூன்று நிறமும் சேர்கிற இடத்தில் சரிந்தான். கால் சிவப்பில். இடுப்பு மஞ்சளில். ஒரு கை நீலத்தில். நெஞ்சு கோட்டின் மேல்.

யூசுஃப் பார்த்தார். திரும்புகிற திருப்பத்தில் கடைக்கண்ணால் முழுசாகப் பார்த்தார். எவரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. அவன் விழுந்த விதமே சரியில்லை. விழுகிற ஆள் கையை ஊன்றுவான், இவன் ஊன்றவில்லை. விசில் உதட்டுக்கு வந்துவிட்டது. அப்போது மேடை கண்ணில் பட்டது. வாலிம்பே பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கோடு நிலுவையில் இருக்கிறது. பின்னால் நிற்பவர் ஆட்டம் திரும்பினால் முன்னால் ஓட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைசி எச்சரிக்கை. அடுத்த ஆள் ஊதிவிடுவான் என்று யூசுஃப் நினைத்தார். ஆறு கண் இருக்கிறதே, இன்னும் நாலு கண் இருக்கிறதே என்று நினைத்தார். விசிலை உதட்டில் வைத்துக்கொண்டே மறுகோடிக்கு ஓடினார்.

விச்சுவும் பார்த்தார். இடுப்பு அசையாமல் கிடப்பது குற்றமாகாது என்று தெரிந்து அவரும் ஓடினார். ரஞ்சன்காவ் பயிற்சியாளர் கத்தினார். கத்துகிற பயிற்சியாளரைக் கண்டுகொள்ளக் கூடாது என்பது பதினேழாம் விதி. ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ஜனங்கள் எப்போதும் கத்துகிறவர்கள்தானே. மறுகோடியில் மில் அணி பந்தைச் சுற்றிச் சுற்றி எறிந்து, கடைசியில் கூடையில் போட்டது. பந்து திரும்பி வந்தது. மூன்று நடுவர்களும் இம்மி பிசகாமல் இடம் மாறி ஓடிவந்தார்கள். நாற்பத்தொரு விநாடி ஆகியிருந்தது.

அப்போது விசில் கேட்டது. ஜெயந்த்தான் ஊதினான். யூசுஃபுக்கு உயிர் வந்தது. பிள்ளை வாழ்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினார். ஜெயந்த் மூன்று விரலைக் காட்டிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். எதிரியின் கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் எவனும் நிற்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. அந்தோணியின் கால் அந்தக் கட்டத்துக்குள், சிவப்பில், மூன்று விநாடிக்கு மேல் இருந்திருக்கிறது. பந்து மில் அணிக்கு என்று ஜெயந்த் தீர்ப்புச் சொன்னான். அவன் கண்பட்டை கட்டாமலே கட்டின மாதிரி பார்க்கப் பழகியிருந்தான். காலைத் தாண்டி அவன் கண் போகவில்லை.

யூசுஃப் மண்டியிட்டு அந்தோணியின் முகத்தைத் திருப்பினார். வாயோரம் நுரை. கண் பாதி திறந்திருந்தது. சக தொழிலாளிகள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் போட்டார்கள். ஆம்புலன்ஸ் நிறுத்த வேண்டிய இடத்தில் தலைமை விருந்தினரின் கார் நின்றது. யூசுஃபும் கூடவே ஆட்டோவை நோக்கி நடந்தார். மேடையிலிருந்து வாலிம்பே கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு நடுவரோடு ஆட்டம் செல்லாது. யூசுஃப் நின்றார். திரும்பி வந்தார். மிச்சம் ஆறு நிமிடமும் இடம் மாறி இடம் மாறி ஓடினார். ரஞ்சன்காவ் இரண்டு புள்ளியில் தோற்றது.

ஆட்டம் முடிந்ததும் வாலிம்பே இறங்கி வந்து மூவரையும் கட்டிக்கொண்டார். எல்லை மீறல் ஒன்றுகூட இல்லாமல் நடந்த முதல் ஆட்டம் இதுதான் என்றார். அவர் சட்டையில் அத்தர் மணத்தது.

ஆஸ்பத்திரியில் அந்தோணியை ஏற்கெனவே துணியால் மூடியிருந்தார்கள். டாக்டர் இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார். எல்லா டாக்டரும் எல்லோரிடமும் சொல்லுகிற வார்த்தைதான். யூசுஃப் விடவில்லை, எவ்வளவு முன்னால் என்று இந்தியில் கேட்டார். டாக்டர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நின்று யோசித்துவிட்டு, இந்த மாதிரி விஷயத்தில் அரை நிமிஷம்கூடப் பெரிசுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாழ்வாரத்தில் சோனியா உட்கார்ந்திருந்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அழுகை இன்னும் வரவில்லை. யூசுஃபின் சாம்பல் சட்டையையும் கழுத்தில் தொங்குகிற விசிலையும் பார்த்தாள்.

"அண்ணாச்சி, அவர் விழுந்ததும் நீங்க ஊதுனீங்கல்ல?"

யூசுஃப் விசிலைச் சட்டைக்குள் தள்ளினார். அவள் ஊதியிருப்பார் என்றே நம்பித் தலையை ஆட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

மறுநாள் கடையில் பார்வைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயந்த் தன்னுடையதை அன்றே அனுப்பிவிட்டான், எல்லாக் கட்டத்திலும் சிவப்பு என்று. விச்சு ஃபோன் பண்ணினார். நேரமெல்லாம் மஞ்சள் என்றே எழுதிவிட்டதாகச் சொன்னார். "நீரும் நீலம்னே எழுதிடும் ஓய். போனவன் வரப் போறதில்லே. ரெண்டு பேருமா போய் அந்தப் பொண்ணுக்கு ஏதாவது பண்ணலாம்" என்றார். யூசுஃப் ஃபோனை வைத்துவிட்டார்.

சைனபு சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். நடந்தது முழுவதையும் அவளிடம்தான் முதன்முதலாகச் சொன்னார். நீலம் என்று எழுதினால் விசில் கையில் இருக்கும், இன்னும் பத்து வருஷம் ஊதலாம் என்றும் சொன்னார். அவள் தூக்கைத் திறக்காமல் நின்றாள்.

"பாத்திய. ஊதல. வேற என்னத்த எழுதப் போறிய?"

நிமிடம் என்ற கட்டத்தில் நான்கு என்று எழுதினார். நின்ற இடம், நீலம். பார்த்த இடம் என்ற கட்டத்தில் அந்தோணி என்று எழுதினார். கட்டம் போதாததால் ஓரத்தில் இந்தியில் எழுதினார்: விழுந்ததைப் பார்த்தேன், ஊதாமல் ஓடினேன், ஊதியிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான், எனக்குத் தண்டனை கொடுங்கள்.

இரண்டு வாரம் கழித்து விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் வாலிம்பே. ஓரத்தில் குமாஸ்தா பார்கவி தட்டச்சு எந்திரத்தோடு. சுவரில் காமிராப் படத்தை ஓட்டினார்கள். அதில் மூன்று நடுவர்கள் மாற்றி மாற்றி ஓடினார்கள். அந்தோணி எங்கேயும் இல்லை. யூசுஃபின் ஓட்டத்தில் ஓர் இடத்தில் நிறுத்தி, கழுத்து இருபது டிகிரி திரும்பியிருப்பதை வாலிம்பே குச்சியால் தொட்டுக் காட்டினார். பதிவேட்டோடு ஒத்துப்போகிறது என்றார் பக்கத்தில் இருந்தவர்.

தீர்ப்பை வாலிம்பே வாசித்தார். எல்லைக்கோட்டு உபகுழுவின் அறிக்கை வந்துவிட்டது: இனிமேல் கோட்டின் மேல் விழுகிற ஆட்டக்காரர், நடுவர்களின் வசதிக்காகத் தம்மை ஏதாவது ஒரு நிறத்துக்குள் நகர்த்திக்கொள்ள வேண்டும். மூன்று விநாடி விதியைச் சரியாகப் பயன்படுத்தியதற்காக ஜெயந்த்துக்குச் சால்வை. தன் எல்லையில் நிலைத்து நின்றதற்காக விச்சுவுக்குத் தேங்காய். யூசுஃப் விஷயத்தில் இரண்டு முடிவு. எல்லைக்கு வெளியே பார்த்ததற்காக உரிமம் ஆயுளுக்கும் ரத்து. பார்த்தும் ஊதாமல் கட்டுப்பாடு காத்ததற்காகப் பாராட்டுப் பத்திரம்.

யூசுஃப் எழுந்து நின்றார். உரிமம் போனதில் தனக்கு வழக்கில்லை என்று இந்தியில் சொன்னார். ஊதாமல் ஓடினேனே, அதற்கு என்ன தண்டனை என்று கேட்டார். ஒருவன் செத்துப் போயிருக்கிறான் என்று கேட்டார்.

வாலிம்பேக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதற்கு எப்படித் தண்டனை கொடுக்க முடியும், யூசுஃப் பாய்? நீங்கள் ஊதாதது தப்பு என்று நான் எழுதினால், மூன்று பேரில் யாராவது ஒருவர் ஊதியிருக்க வேண்டும் என்று ஆகும். அப்புறம் இந்த நிறம், கோடு, பயிற்சி, இந்த மேசை எல்லாம் எதற்கு என்று ஆகும். ஒரு ஆள் போய்விட்டான், துக்கம்தான். ஏற்பாடு போய்விடக் கூடாது."

அவ்வளவுதான். விசிலை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றார்கள். பார்கவி ரசீதுப் புத்தகத்தை எடுத்தாள்.

யூசுஃப் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். இருபத்து நான்கு வருஷத்து விசில். ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு வாயில் வைத்து ஊதினார். மூச்சை முழுக்க இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க, நெஞ்சு முட்டும்வரை ஊதினார். மறுபடி மூச்சை இழுத்து மறுபடி ஊதினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே தெருவில் ஒரு சைக்கிள்காரன் காலை ஊன்றி நின்று அண்ணாந்து பார்த்தான். மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் அவரவருக்கு முன்னால் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யூசுஃபுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. கடைசியில் மூச்சு தீர்ந்து, விசிலை மேசைமேல் வைத்தார்.

அறை அமைதியானதும் பார்கவி வாலிம்பேயின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் ரசீதில் எழுதிக் கிழித்து யூசுஃபிடம் நீட்டினாள்.

பெற்றுக்கொண்டது: விசில் ஒன்று. நல்ல நிலையில் உள்ளது. ஊதிக் காட்டப்பட்டது.